வரவேற்பறையில் ஒரு சிறு மேசை: கையால் செய்வோம், கடனைத் தவிர்ப்போம்

புதுச்சேரியின் முல்லா வீதி, காஜியார் வீதி ஆகிய பகுதிகளில் நம் மக்கள் வாழும் வீடுகள் பலவற்றின் முகப்பு குறுகியது. வரவேற்பறை என்று சொல்ல ஒரே ஓர் அறைதான் இருக்கும். விருந்தினர் அமர்வதும், பிள்ளைகள் ஓதுவதும், பெரியவர்கள் சாய்ந்து இளைப்பாறுவதும் அங்கேயே. அந்த அறையில் ஒரு சோபாவும் வந்துவிட்டால் பாதி இடம் அதற்கே போய்விடும். தேநீர்க் கோப்பையைத் தரையில் வைக்கிறோம். மூக்குக் கண்ணாடி, ரிமோட், சார்ஜர், தஸ்பீஹ், மின்கட்டண ரசீது அனைத்தும் சோபாவின் மீதே கிடக்கின்றன. வாசலில் ஸலாம் ஒலித்ததும் அவற்றை அள்ளி உள்ளறைக் கட்டிலில் எறிவது பல வீடுகளின் அன்றாட வழக்கம்.

ஆகவே சோபாவின் ஓரத்தில் ஒரு சிறு மேசை தேவைப்படுகிறது. சில்லறைப் பொருள்கள் கண்ணில் படாமல் இருக்க அதனுள் ஒரு மறைவறையும் இருந்தால் நலம். இந்தத் தேவையில் தவறில்லை. அதை எவ்வாறு நிறைவேற்றுகிறோம் என்பதே இங்கு நாம் பேச விரும்புவது. கைபேசித் திரையில் ஒரு படத்தைத் தொட்டுத் தவணை முறையில் வாங்கி, இரண்டு மழைக்காலத்தில் உப்பிப்போகும் பலகையை வீட்டுக்குள் கொண்டுவருவது ஒரு வழி. ஆறு சதுர அடி ஒட்டுப்பலகையும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையும் செலவிட்டு நாமே செய்துகொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியே நம் பணத்துக்கும் நம் மார்க்கத்துக்கும் நெருக்கமானது என்பது நமது கருத்து.

தேவையின் எல்லை

வீட்டுச் சாமான்களுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் மிக எளிய கணக்கால் உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தியின்படி, வீட்டில் கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. அதற்கு மேற்பட்ட நான்காவது ஷைத்தானுக்குரியது. இங்கு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது போதாது. விருந்தினருக்கான விரிப்பு தேவையின் கணக்குக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. விருந்தோம்பலுக்காகச் செலவிடுவது விரயமன்று. காட்டிக்கொள்வதற்காகச் செலவிடுவதே விரயம்.

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் வீண் செலவு செய்வோரைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, அடுத்த ஓரிரு வசனங்களில் கையை இறுக்கிக்கொள்வதையும் கண்டிக்கிறது. எனவே மேசையே வேண்டாம் என்பது நம் வாதமன்று. வீட்டுக்கு வருபவர் தேநீரை வைக்க இடமின்றித் தவிப்பது அழகன்று. இம்மேசைக்கு நாம் வைக்க வேண்டிய உரைகல் ஒன்றுதான்: விருந்தினர் யாரும் வராத நாளிலும் இது பயன்படுமா? பயன்படும் என்றால் தேவை. வருபவர் பார்த்து வியப்பதற்கு மட்டுமே என்றால் பகட்டு.

தவணை எனும் வாசல்

அறைகலன் வாங்கும்போது இன்று நம் இளைஞர்களுக்கு முதலில் காட்டப்படுவது விலையன்று, மாதத் தவணை. "வட்டியில்லாத் தவணை" என்ற சொல்லைக் கண்டதும், வட்டிதான் இல்லையே என்று நாமும் நிம்மதி அடைகிறோம். 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை ஒன்று இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசியது. கடன் அட்டை நிலுவைகளுக்குப் பூஜ்ய வட்டி என்று அறிவிக்கப்படும் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைந்து வாடிக்கையாளர் தலையிலேயே விழுகிறது என்றும், பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும் அது சுட்டிக்காட்டியது. இன்றும் பல திட்டங்களில் வட்டி ஒரு வரியில் ஏற்றப்பட்டு, தள்ளுபடி என்ற பெயரில் அடுத்த வரியில் இறக்கப்படுகிறது. ஒரு தவணை தவறினால் அபராதமும் வட்டியும் வெளிப்படையாகவே வந்து நிற்கும்.

ஒவ்வொரு திட்டத்தின் ஹலால், ஹராம் நிலையை உலமாக்களிடம் கேட்டறிவதே முறை. அதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவத்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ கடன்படுபவரின் நிலை வேறு. கோப்பை வைக்கும் பலகைக்காக ஐயத்துக்குரிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நெருக்கடி யாருக்கு இருக்கிறது? பெரிய கடன்கள் திடீரென்று வருவதில்லை. சிறிய பொருளுக்குத் தவணை கட்டிப் பழகிய கை, பெரிய பொருளுக்கும் தயங்காமல் கையெழுத்திடும். அந்தப் பழக்கத்தை முறிக்கச் சிறிய பொருளிலிருந்தே தொடங்க வேண்டும்.

மரவேலையின் கண்ணியம்

கைவேலையைத் தாழ்வாக நினைக்கும் போக்கு நம்மிடையே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நிச்சயமாக மார்க்கத்திலிருந்து வரவில்லை. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் கூறுகிறது. தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பால் உண்டார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள் என்றும், தம் காலணியைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

மஸ்ஜிதுந் நபவியின் முதல் மிம்பரையும் நினைத்துப் பார்க்கலாம். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் தச்சுப் பணியாளரைக் கொண்டு அது செய்யப்பட்டது. மரமோ மதீனாவை அடுத்த காட்டுப் பகுதியில் கிடைத்த தர்ஃபா எனும் புதர்வகை மரம். படிகள் மூன்று. தேவைக்கு ஏற்ற அளவு, அருகில் கிடைத்த மரம், உள்ளூர்த் தச்சரின் கை ஆகிய மூன்றும் அந்த மிம்பரில் சேர்ந்திருந்தன. நம் வீட்டு மேசைக்கும் இதைவிடச் சிறந்த முறை இருக்க முடியாது.

நம் ஊரில் நடந்த ஒன்று

இதே பாடத்துக்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. துய்மா வீதியில், அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டே என்னும் விடுதி இருக்கிறது. அவர்களின் நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் அக்கட்டடத்தின் வரலாறு புதுச்சேரிக்காரர் அனைவரும் அறியத்தக்கது. ஹைதராபாத் நிஜாம் அரசில் உயர் பொறுப்பு வகித்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த ஒரு லட்ச ரூபாய் நன்கொடையே அதற்கு அடிப்படை. கோல்கொண்டா என்ற பெயர் அந்த நன்றியின் அடையாளம்.

கட்டடக்கலைஞர் அந்தோனின் ரேமண்டின் வடிவமைப்பை இங்கு நிறைவேற்ற 1937இல் புதுச்சேரி வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். 1939 வரை இங்கு பணியாற்றிய அவர், தம் முதல் அறைகலன்களை வடிவமைத்தது இந்த விடுதிக்காகவே. செதுக்கு வேலைப்பாடோ பூ வேலையோ இல்லாத, தேவைக்கு மட்டுமே செய்யப்பட்ட மரச்சாமான்கள் அவை. கதவு, சன்னல்களுக்கான பித்தளைப் பொருத்திகளுக்கு மக்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களே உருக்கிப் பயன்படுத்தப்பட்டன.

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அடைத்துவைத்தவர்களில் நகாஷிமாவும் குடும்பத்தோடு இருந்தார். இடாஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் கென்டாரோ ஹிகோகாவா என்ற மூத்த தச்சரிடம் அவர் வேலை பயின்றார். அங்கே கிடைத்தவை கழிவுப் பலகைகளும் பாலைநிலப் புதர்க்கட்டைகளும்தான். அவற்றைக் கொண்டே முகாமின் அறைகளை மனிதர் வாழும் இடமாக்க முயன்றார்கள். பிற்காலத்தில் அவர் செய்த மேசைகளும் நாற்காலிகளும் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. வீட்டின் அழகு பணத்தால் வருவது என்று எண்ணுவோர் அந்த முகாமை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறைவறை நமக்குப் புதிதன்று

மேசைக்குள் மறைவறை வைப்பது ஏதோ அயல்நாட்டு உத்தி என்று எண்ண வேண்டியதில்லை. நம் வணிகர்களின் கல்லாப்பெட்டிகளில் சாய்வான மூடிக்குக் கீழே சிறு அறைகளும், அவற்றுக்குப் பின்னால் வெளியே தெரியாத ரகசிய அறையும் வைத்துச் செய்வது தமிழகத் தச்சர்களின் பழைய வேலைப்பாடு. கடலோர ஊர்களில் நம் பாட்டிமார் பெட்டகத்தில் துணிமணிகளையும் நகையையும் ஓலைப் பத்திரங்களையும் ஒன்றாகவே காத்துவந்தார்கள். ஒரே பொருள் இரண்டு மூன்று வேலைகளைச் செய்தது. இன்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொருள் வாங்குகிறோம். பிறகு வீட்டில் இடமில்லை என்று வருந்துகிறோம்.

செய்யும் முறை

முதலில் சோபாவின் கைப்பிடி உயரத்தை அளக்க வேண்டும். பெரும்பாலும் 22 முதல் 24 அங்குலம் இருக்கும். மேசை அதற்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருந்தால் கை இயல்பாகக் கோப்பையை எட்டும். 22 அங்குல உயரத்துக்கான கணக்கைக் கீழே தருகிறோம்.

மேற்பலகைக்கு 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் 18 அங்குல நீளம், 14 அங்குல அகலத்தில் ஒரு துண்டு. மற்றவற்றுக்கு 12 மி.மீ. பலகை போதும்: பின்பலகை 16க்கு 5, பக்கப் பலகைகள் இரண்டு 11க்கு 5, முன்கதவு 16க்கு 4¾, மறைவறையின் அடிப்பலகையும் கீழ்த்தட்டும் தலா 15க்கு 11. கால்களுக்கு ஒன்றரை அங்குலச் சதுர ரீப்பர் 13 அடி. அதில் 21¼ அங்குலத்தில் நான்கு கால்கள், 11 அங்குலத்தில் நான்கு தாங்குகட்டைகள், 12 அங்குலத்தில் ஒரு முன்கட்டை கிடைக்கும்.

ஒட்டுப்பலகை மொத்தம் ஆறு சதுர அடிக்குள் அடங்கும். முழுப் பலகை ஒன்று 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. ஐந்தில் ஒரு பங்கு கூடத் தேவையில்லாத இதற்காக முழுப் பலகை வாங்குவது விரயத்தின் முதல் படி. பலகைக் கடைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் வெட்டுத்துண்டுகள் மிஞ்சிக் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கலாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்குச் சட்டம் கால்களுக்கு மிக ஏற்றது. சரக்குப் பெட்டி மரத்தைப் பயன்படுத்துவோர் அதில் குத்தியுள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை இட்டது. பின்னதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

நம் ஊர்க் கடற்காற்றும் ஈரமும் மரத்துக்குப் பகை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, தரை துடைக்கும் நீர் பட்டுப் பட்டே உப்பிவிடும். ஒட்டுப்பலகையிலும் ஐ.எஸ். 303 எம்.ஆர். என்பது ஓரளவு ஈரத்தையே தாங்கும், ஐ.எஸ். 710 என்பது நீரை நன்கு தாங்கும். இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளைத் திருகாணியே நலம். கால்களின் அடியில் ரப்பர் புஷ் பொருத்தினால் ஈரமும் கரையானும் எளிதில் ஏறா.

பொருத்தும் வரிசை எளியது. இரண்டிரண்டு கால்களாகப் படுக்கவைத்து, அவற்றின் வெளிப்புறத்தில், மேல் விளிம்பு சமமாக இருக்கும்படி பக்கப் பலகைகளை மரப்பசை இட்டுத் திருகுக. பின்னர் பின்பலகையால் இரண்டு பக்கத்தையும் இணைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பது கட்டாயம். இங்கு நேரும் சிறு கோணல் கடைசியில் மேசையை ஆடவைக்கும். பக்கப் பலகைகளின் கீழ் விளிம்பை ஒட்டிக் கால்களின் உட்புறத்தில் இரண்டு தாங்குகட்டைகள், தரையிலிருந்து 4 அங்குல உயரத்தில் மேலும் இரண்டு. அடிப்பலகை, கீழ்த்தட்டு இரண்டின் மூலைகளிலும் கால் நுழையுமளவு ஒன்றரை அங்குலச் சதுரம் வெட்டி நீக்கினால் அவை கட்டைகள் மீது சரியாக அமரும். அடிப்பலகை, மேல்நோக்கி உள்ள கட்டைகளின் மேல் பக்கப் பலகைகளுக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

மறைவறையின் கதவை மேலே வைப்பதா முன்னே வைப்பதா என்பது முக்கியம். மேற்பலகையே கதவானால் ஒவ்வொரு முறையும் கோப்பையை எடுத்துவிட்டே திறக்க வேண்டும். ஆகவே முன்பலகை கீழ்நோக்கித் திறப்பதே வசதி. முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே, அடிப்பலகையின் கீழே முன்கட்டையைப் பொருத்தி, கீல்களின் ஓர் இதழை அக்கட்டையின் முகத்திலும் மற்றோர் இதழைக் கதவின் அடிவிளிம்பிலும் திருக வேண்டும். உட்புற மேல் மூலைகளில் காந்தக் கவ்வி இரண்டு போதும். கைப்பிடி தேவையில்லை. கதவுக்கு மேலுள்ள கால் அங்குல இடைவெளியில் விரல் நுனியை வைத்து இழுத்தால் திறக்கும். மேற்பலகை ஓர் அங்குலம் முன்னே நீண்டிருப்பதால் அந்த இடைவெளி கண்ணில் படாது. இறுதியாக மேற்பலகையை உள்ளிருந்து எல் கிளாம்புகளால் பிணைத்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு முறை வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும்.

உள்ளே எதை வைப்பது?

ரிமோட், கண்ணாடி, சார்ஜர், தொப்பி, தஸ்பீஹ், மெல்லிய தொழுகை விரிப்பு ஆகியவற்றுக்கு இந்த அறை போதும். நகையும் பெருந்தொகையும் வைக்கும் பெட்டகம் அன்று இது. கதவு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் மாத்திரைகளும் கூடாது. திருக்குர்ஆன் பிரதியையும் இங்கு வைக்க வேண்டாம். மேலே எச்சில் கோப்பையும் அருகே நீட்டிய காலும் இருக்கும் இடம் அதற்குரியதன்று; உயரமான அலமாரியே அதன் கண்ணியத்துக்கு ஏற்றது.

இரண்டு பொருள்களை மட்டும் அவசியம் வைக்கச் சொல்வோம். ஒன்று, கணக்குக் குறிப்பேடு. கொடுத்த கடன், வாங்கிய கடன், நம்மிடம் உள்ள அமானிதம் அனைத்தும் அதில் எழுதப்பட வேண்டும். கடனை எழுதிவைக்குமாறு ஏவும் திருக்குர்ஆன் வசனம் (2:282) அதன் வசனங்களிலேயே மிக நீளமானது. அந்தக் குறிப்பேடு வீட்டுக்கு வருபவருக்கு மறைவாக இருக்கலாம், மனைவிக்கு மறைவாக இருக்கக் கூடாது. மற்றொன்று, ஒரு சிறு ஸதகா உண்டியல். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவரின் சிறப்பை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். மேசையைக் கடையில் வாங்காமல் மிச்சப்பட்ட தொகையில் ஒரு பங்கே அந்த உண்டியலின் முதல் காசாக இருக்கட்டும்.

எழக்கூடிய இரண்டு கேள்விகள்

"எல்லோரும் தாமே செய்துகொண்டால் தச்சர்களின் பிழைப்பு என்னாவது?" என்று கேட்பது நியாயமே. தச்சரின் பிழைப்பைப் பறித்தது வீட்டில் மேசை செய்பவர் அல்லர். தொழிற்சாலைப் பலகையை வாசலில் கொண்டுவந்து இறக்கும் வணிகமே. ரம்பமும் ட்ரில்லும் இல்லாதவர், அல்லது நேரமில்லாதவர், மேற்கண்ட அளவுகளைத் தெருமுனைத் தச்சரிடம் கொடுத்து அறுத்துத் தரச் சொல்லலாம், முழுவதையும் செய்து தரவும் சொல்லலாம். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற நபிமொழியை மறவாமல், பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்போம். அப்போது நம் பணம் நம் தெருவிலேயே தங்கும்.

"இந்த உழைப்புக்கு ஆகும் நேரத்தில் வேறு சம்பாதிக்கலாமே?" என்பது இரண்டாவது கேள்வி. பணக்கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தந்தை பலகையைப் பிடிக்க மகளும் மகனும் அளந்து கோடு கிழிக்கும் இரண்டு மணி நேரத்தை எந்தச் சம்பளப் பட்டியலில் எழுதுவது? அளவு தவறினால் பலகை கூடாது என்பதையும், அவசரப்பட்டால் மரம் பிளக்கும் என்பதையும் எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காது. நம் ஜமாஅத்துகள் ஒரு ட்ரில், ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம் கொண்ட கருவிப்பெட்டியை வாங்கிவைத்து முறைவைத்து இரவல் கொடுத்தால், ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்கும் செலவும் மிச்சமாகும்.

மேசையோடு நிற்காதது

இவ்வளவையும் ஒரு சிறு மேசைக்காக மட்டும் எழுதவில்லை. நம் திருமணங்களில் சோபா, கட்டில், பீரோ என்று பெண் வீட்டார் மீது சுமத்தப்படும் சீர்வரிசையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். வரதட்சணை வாங்காதே என்ற அறிவுரையை இளைஞர்களும் ஏற்கிறார்கள். ஆயினும் புது வீடு என்றால் இன்னின்ன சாமான்கள் நிறைந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மாறாதவரை, அந்தச் செலவு மாமனாரின் கடனாகவோ மாப்பிள்ளையின் தவணையாகவோ வந்தே தீரும். தன் இல்லத்தின் முதல் மேசையைத் தன் கையால் செய்த இளைஞன், "எங்களுக்குச் சாமான் எதுவும் வேண்டாம், தேவையானதைச் சிறுகச் சிறுக நாங்களே அமைத்துக்கொள்வோம்" என்று பெண் வீட்டாரிடம் உறுதியோடு சொல்ல முடியும். அந்த ஒரு சொல்லால் ஒரு தந்தையின் கடன் சுமை இறங்கும்.

அல்லாஹ் நம் வருமானத்தில் பரக்கத்தையும், செலவில் நிதானத்தையும், கைகளில் உழைப்பையும் தந்தருள்வானாக. கடனின் சுமையிலிருந்து நம் குடும்பங்களைக் காப்பானாக. ஆமீன்.